வீடு பார்த்துச் சொல்லும் லோகநாதன் வீடு கேட்டு எழுதுவது

ஆவடி,
17-3-94

மரியாதைக்குரிய மச்சான் சம்பத் அவர்களுக்கு, உங்கள் தங்கை வீட்டுக்காரன் லோகநாதன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் தங்கை சாமுண்டீஸ்வரியும் மகள் தாட்சாயிணியும் சௌக்கியம் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன். வேப்பம்பட்டில் நீங்களும் தாயம்மா அக்காவும் சௌக்கியமா என்று கேட்க வேண்டும், கேட்டுவிட்டேன். ஆனால் அதைவிட, உங்கள் வீட்டுப் பின்பக்கத்து இரண்டு அறைகள் காலியாக இருக்கின்றனவா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். மன்னிக்கவும், அவசரத்தில் உண்மை முந்திக்கொண்டுவிட்டது.

விஷயம் இதுதான். நான் ரிட்டையர் ஆனபோது தொழிற்சாலையில் மாலை போட்டு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள் அல்லவா, அதை மாட்டச் சுவர் இல்லாமல் போகிற நிலைமைக்கு வந்துவிட்டோம். குவார்ட்டர்ஸை இந்த மாதக் கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும். கெஞ்சிக் கெஞ்சித் தவணை வாங்கியதெல்லாம் முடிந்துவிட்டது, இனிமேல் கரண்டைப் பிடுங்கிவிடுவார்கள். தாட்சாயிணி கட்டி வைத்த மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து பிளஸ் டூ பரீட்சைக்குப் படிக்கிறாள். பாடியிலிருந்து திருநின்றவூர் வரைக்கும் எனக்கு வாடகைக்கு வீடு விட ஒரு மனிதர் இல்லை. நான் குடிக்கிறவன் இல்லை, சண்டைக்காரன் இல்லை, வாடகை பாக்கி வைத்த பழக்கமும் இல்லை. எல்லாம் நான் ஆரம்பித்த தொழில் செய்த வேலை.

அந்தத் தொழிலை எனக்குள் கிளப்பிவிட்டவர் என்னோடு வேலை பார்த்த பழைய செக்‌ஷன் ஜேம்ஸ். டீக்கடையில் நின்றுகொண்டு, "கத்திரிக்காய் வாங்குனா திருப்பித் திருப்பிப் பாக்கறான் சார், ஊடு வாங்கறவன் வாசக்கால்ல மஞ்ச தடவியிருந்தா போதும்னு வாங்கிக்கினு போறான். நீங்க ஆயுசுக்கும் இன்ஸ்பெக்‌ஷன்ல இருந்தவரு, ஊட்ட செக் பண்ணிச் சொல்லக் கூடாதா?" என்றார். எனக்கு அது ரொம்பச் சரியாகப் பட்டது. வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு எதுவும் சரியாகத்தான் படும். தூக்குக்குண்டு, ரசமட்டம், டார்ச் லைட், சின்னச் சுத்தி எல்லாம் வாங்கி ஒரு பையில் போட்டுக்கொண்டேன். "வீடு வாங்குமுன் பரிசோதித்துச் சொல்லப்படும்" என்று தகர போர்டும் எழுதி மாட்டினேன். வந்தவர்களெல்லாம் வாஸ்து கேட்டார்கள். வாசல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கேட்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள் மச்சான், வாசற்கதவு சாத்துமா என்று கேட்க ஒருவர் இல்லை. எனக்கு வாஸ்து தெரியாது என்றதும் எழுந்து போய்விட்டார்கள்.

கடைசியில் வந்து மாட்டினவர் கன்னியப்பன், பாடியில் லாரி ஓட்டுகிறவர். அம்பத்தூர் ஏரிப்பக்கம் துலுக்கானம் என்பவரின் வீட்டை விலை பேசியிருந்தார், என்னை வந்து பார்க்கச் சொன்னார். துலுக்கானம் குடும்பத்தோடு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார், சாவி கன்னியப்பனிடம் இருந்தது, சாயங்காலம் போய்ப் பார்த்தோம். மனசு விட்டுப்போயிற்று. ஒரு சுவர்கூடத் தூக்குக்குண்டுக்குச் சரியாக நிற்கவில்லை. தொழிற்சாலையில் பழுதான உருப்படியைக் கண்டால் நாங்கள் என்ன செய்வோம், சிவப்புச் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டுத் தள்ளிவைப்போம். கை பழகிய பழக்கம், யோசிக்கவே இல்லை, விரிசல் கண்ட இடத்திலெல்லாம் போட்டுக்கொண்டே போனேன். உள்ளே போட்டது போதாமல் தெருப்பக்கச் சுவரிலும் போட்டேன், பக்கத்து வீட்டோடு ஒட்டிய சுவரிலும் போட்டேன். கன்னியப்பன், "வாணாம் சார், பாத்த வரிக்கும் போதும்" என்று லாரி எடுக்கப் போய்விட்டார். நான் உபயோகமாக ஒரு காரியம் செய்த நிம்மதியோடு வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன்.

மறுநாள் காலையில் டார்ச் லைட்டை அங்கேயே விட்டுவிட்டேனே என்று எடுக்கப் போனால், தெருவே தெருவில் இருந்தது. பீரோ, கட்டில், டிவி, கிரைண்டர் எல்லாம் வெளியில். ஏரிப் புறம்போக்கு என்று சர்க்கார் ஆள் வந்து குறி போட்டுவிட்டுப் போய்விட்டான், புல்டோசர் வந்துகொண்டிருக்கிறது என்று பேச்சு. துலுக்கானம் தலையில் ஒரு டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, "பட்டா கீது சார், பட்டா கீது" என்று போகிற வருகிற சைக்கிள்காரனிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் மனைவி அங்கம்மா மண்ணை வாரித் தூற்றி, "கோடு போட்டவன் கை வெளங்காம பூடும்" என்றார். ரோட்டை மறித்து உட்கார்ந்துவிட்டார்கள், பஸ் இரண்டு பக்கமும் நின்றுவிட்டது. ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நைனா, படிச்சவராட்டம் கீறீங்க, நீங்களாவது யார்னா ஆபீசர் கைல சொல்லுங்க" என்று அழுதார். என்னால் தாங்க முடியவில்லை. அந்தக் குறி நான் போட்டது, வெறும் சாக்பீஸ்தான், யாரும் இடிக்க மாட்டார்கள் என்று சொல்லிவிட்டேன். வீடு தப்பியது என்று சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்தேன். அப்புறம் நடந்ததை எழுத வேண்டாம். சட்டை போய்விட்டது. ஈரத் துணி கொடுத்து எல்லாச் சுவரையும் என்னையே துடைக்க வைத்தார்கள். நின்றிருந்த பஸ்களில் இருந்தவர்கள் எல்லாரும் ஜன்னல் வழியாக என் முகத்தை நிதானமாகப் பார்த்துக்கொண்டார்கள். ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் போகிற ஜனங்கள், நல்ல ஞாபகசக்தி உள்ளவர்கள்.

இதற்குமேல், தொழிற்சாலையில் கூட வேலை பார்த்த பார்த்தசாரதி வீட்டுக் கிரகப்பிரவேசம் வேறு. நான் அங்கே தொழிலாகப் போகவில்லை, பத்திரிகை வைத்தார்கள் என்று போனேன். பசுவை உள்ளே ஓட்டுகிற சமயத்தில், வாசக்கால் ஒரு பக்கம் சாய்ந்தாற்போல் தெரிந்ததால் சும்மா தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். குண்டு பசுவின் மூக்குக்கு நேரே ஆடியது. பசு மிரண்டு அக்கினி குண்டத்தைத் தாண்டிப் பின்வாசல் வழியாக ஓடியது, போகிற போக்கில் பின்வாசல் நிலையும் பெயர்ந்து வந்தது. நிலை பெயர்ந்தது பசுவாலா, கட்டின கட்டாலா என்று யாரும் கேட்கவில்லை. சாப்பிடாமல் வந்துவிட்டேன்.

இப்போது வீடு தேடுகிற கதைக்கு வாருங்கள். புரோக்கர் வேம்புலி நல்ல மனுஷன். அவரே கையை விரித்துவிட்டார். "அண்ணாத்தே, ஒங்க பேரச் சொன்னாலே ஊட்டுக்காரன் மூஞ்சி சுருங்குது. குடித்தனம் வந்த பொறவு ஊட்டையே நொட்டை சொல்லுவாருன்றான். நான் இன்னா பண்ண?" என்றார். பட்டாபிராமில் மட்டும் என்னைத் தெரியாத ஒரு வீட்டுக்காரர் கிடைத்தார். போகும்போதே சாமுண்டீஸ்வரி என் கையில் சத்தியம் வாங்கிக்கொண்டாள், வாயைத் திறக்கக் கூடாது என்று. நான் திறக்கவில்லை. காபி கொடுத்தார்கள், குடித்தேன். கூரையைப் பார்க்காமல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் முடிந்து சாவி கைக்கு வருகிற நேரத்தில் அந்த மனிதர் மரியாதைக்காக, "ஊடு புடிச்சிருக்கா சார்?" என்று கேட்டுவிட்டார். பாத்ரூம் தரை வாட்டம் தப்பு, தண்ணீர் சமையலறைக்குத்தான் வரும் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. வாழ்நாள் பூராவும் அதைச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். திரும்பி வரும்போது உங்கள் தங்கை என்னைத் திட்டவில்லை. ரயிலில் எனக்கு எதிரில் உட்காராமல் அடுத்த வரிசையில் போய் உட்கார்ந்தாள். திட்டியிருக்கலாம் மச்சான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆகவே உங்கள் பின்பக்கத்து இரண்டு அறைகளைத் தாட்சாயிணி பரீட்சை முடியும் வரைக்குமாவது எங்களுக்குத் தர வேண்டும். உங்கள் வீட்டைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்று உறுதி சொல்கிறேன். பின்வாசல் சன்ஷேடு மட்டும் விரிசல் விட்டிருக்கிறது, பொங்கலுக்கு வந்தபோது பார்த்தேன், தாயம்மா அக்காவை அதன் கீழே உட்கார்ந்து அரிசி புடைக்க வேண்டாம் என்று சொல்லவும். மேல்தொட்டியும் கொஞ்சம் சாய்வு. அவ்வளவுதான், வேறு எதுவும் இல்லை. மாடிப்படி பற்றி நேரில்.

பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும் குழந்தைகளுக்கு ஆசியையும் சொல்லவும். எல்லாம் வல்ல அம்மன் உங்களையும் நீங்கள் இருக்கும் வீட்டையும், குறிப்பாக அந்தச் சன்ஷேடையும், தாங்கிப் பிடிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
இடம் தேடும்,
ச. லோகநாதன்

பின்குறிப்பு: உறை ஒட்டுவதற்குள் உங்கள் தங்கை வெளியிலிருந்து வந்துவிட்டாள். மேலே எழுதியதெல்லாம் வேண்டாம், விட்டுவிடவும். வீடு கிடைத்துவிட்டது. திருமுல்லைவாயலில் நாகம்மா என்கிற அம்மாள் வீடு. அந்த அம்மாள் எடுத்த எடுப்பில், "ஆவடில செவப்பு சாக்பீஸ் வச்சிக்கினு ஒரு ஆளு சுத்துதாமே, அத்த மட்டும் உள்ள வுட மாட்டேன்" என்றதாம். "நானும் கேள்விப்பட்டேன்கா, அந்த ஆளு பொண்டாட்டி பாவம்" என்றாளாம் இவள். உன் வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டதற்கு, "துபாய்ல கீறாரு, வர ரெண்டு வருசம் ஆவும்" என்று சொல்லி அட்வான்ஸ் கொடுத்து வந்துவிட்டாள். அவளும் பெண்ணும் அடுத்த வெள்ளிக்கிழமை பால் காய்ச்சுகிறார்கள். ஆகவே மச்சான், இரண்டு அறை வேண்டாம், ஒரு ஆள் படுக்க இடம் போதும், அதே வெள்ளிக்கிழமை வருகிறேன். அந்த வீட்டை நான் பார்க்கவில்லை. கூரை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "ஒயுவுது. ஒயுவட்டும்" என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கட்டப் போய்விட்டாள். மழைக்கு முன்னால் யாராவது மேலே ஏறிப் பார்க்க வேண்டும் மச்சான். நீங்கள் ஒரு நடை போய்ப் பாருங்கள், நான் போக முடியாது.