இரண்டாவது சாவியுடன் நேரில் வரவும்

அன்புக்கும், எட்டு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லாவிட்டாலும் மரியாதைக்கும் உரிய சகலை அவர்களுக்கு,

இங்கே நானும் உங்கள் மனைவியின் அக்காவாகிய என் மனைவியும் ஏதோ நலம். அங்கே நீங்கள் எங்களைவிட நலமாகவே இருப்பீர்கள். இரண்டு குடும்பத்துக்கும் பொதுவான காரின் இரண்டாவது சாவி உங்கள் பையில் இருக்கிறதே, அந்தத் தெம்பு ஒன்றே போதும். இது சமாதானக் கடிதம் என்று எண்ணிவிட வேண்டாம். டிரைவர் சீட் விஷயத்தில் நான் சொன்ன சொல்லில் இன்றைக்கும் மாற்றமில்லை. கார் சம்பந்தமாக ஒரு தகவல் தெரிவிக்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். போனில் சொல்லியிருக்கலாம். போன் என்றால் முதலில் யார் "ஹலோ" சொல்வது என்ற பிரச்சினை வரும். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

தகவல் இதுதான்: என்னிடம் இருந்த சாவி தொலைந்துவிட்டது. சிரிக்க வேண்டாம். நீங்கள் சிரிப்பது இங்கே வரைக்கும் கேட்கிறது. மூன்று வாரத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை என் மனைவியை முழங்கால் பயிற்சிக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்த் திரும்பினேன். கை நிறையப் பை, பல்லிடுக்கில் மருந்துச் சீட்டு, தோளில் அவள் கை. வழக்கம்போல் கதவின் உள்பூட்டை அழுத்திவிட்டு முழங்கையால் சாத்தினேன். நம் பழைய வெள்ளை வண்டி நாளிலிருந்து வந்த பழக்கம், என்னை எரித்தாலும் போகாது. மாடிக்கு வந்து பார்த்தால் பையில் சாவி இல்லை. அந்தக் காலத்துச் சாவி என்றால் திருகினால்தான் வண்டி கிளம்பும். அதனால் சாவி இருக்கிறதா இல்லையா என்பது கைக்கே தெரியும். இந்தக் காலத்துச் சாவி பையில் சும்மா கிடந்தால் போதுமாம், பொத்தானை அழுத்தினால் வண்டி கிளம்பிவிடுமாம். அது எந்தப் பையில் கிடக்கிறது என்று யார் நினைவு வைத்துக்கொள்வது? லிஃப்டுக்கும் தரைக்கும் நடுவே ஒரு சந்து இருக்கிறதல்லவா, அதில்தான் விழுந்திருக்கும் என்று முடிவுகட்டி லிஃப்ட்காரரை வரவழைத்தேன். அவர் குழிக்குள் இறங்கி ஒரு சீப்பு, இரண்டு கரண்டி, யாருடையதோ ஒரு பல்செட் எல்லாம் எடுத்துக்கொடுத்துவிட்டு, சாவி மட்டும் இல்லை என்று கையை விரித்தார். வீட்டையும் புரட்டிப் போட்டோம். நீங்கள் என்னிடம் கொடுத்ததாகச் சாதித்த, நான் வாங்கவே இல்லை என்று சத்தியம் செய்த அந்த டார்ச் லைட் பரணில் இருந்தது. இதற்காக என் வருத்தத்தைத் தனியாகத் தெரிவித்துக்கொள்கிறேன். அது வேறு வழக்கு, சீட் வேறு வழக்கு.

அடுத்து, வெள்ளை வண்டிக்குப் பத்தே நிமிடத்தில் அரம் வைத்து ராவி மாற்றுச் சாவி செய்துகொடுத்தாரே, தெருமுனைப் பூட்டுக்காரர், அவரிடம் போனேன். வந்தார். கதவிடுக்கில் ஆப்பு வைத்து, கம்பியை விட்டு, பெருமையோடு ஒரு இழு இழுத்தார். கதவு திறந்தது. திறந்த மாத்திரத்தில் வண்டி ஓவென்று அலற ஆரம்பித்துவிட்டது. "என்னங்க இது, தொட்டதுக்கே ஊரைக் கூட்டுது!" என்று காதைப் பொத்திக்கொண்டார். "அந்த வண்டிக்கெல்லாம் சாவியோட பல்லு சரியா இருந்தா போதும்ங்க. இதுக்குப் பல்லைக் காட்டினா வேலைக்காகாது, ஆளே யாருன்னு கேக்குது." குடியிருப்புச் சங்கத் தலைவர் மூன்றாவது மாடியிலிருந்து பனியனோடு இறங்கி வந்து, "சார், உங்க காரா கத்துது, நீங்களா?" என்றார். இரண்டு பேருமே கத்திக்கொண்டிருந்தோம். இருபத்தைந்து நிமிடம் கழித்து வண்டி தானாகவே தொண்டை கட்டி ஓய்ந்தது.

கதவுதான் திறந்துவிட்டதே என்று உள்ளேயும் தேடினோம். மிதியடியைத் தூக்கிப் பார்த்தேன், சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினேன், ஒன்றும் தட்டுப்படவில்லை. என் மனைவி, "டிரைவர் சீட்டைக் கொஞ்சம் பின்னாடி தள்ளிப் பாருங்களேன்" என்றாள். "அந்தப் பேச்சே வேண்டாம்" என்றேன். அந்த சீட் எங்கே நிற்க வேண்டும் என்று, அது நகரும் தண்டவாளத்தில் வெள்ளைப் பெயின்டால் கோடு போட்டவன் நான். எட்டு மாதமாக அது அந்தக் கோட்டைவிட்டு நகரவில்லை, நகரவும் நகராது. நீங்கள் ஓட்டிவிட்டு வந்தால் சீட் பின்சீட்டுக்காரன் மடியில் போய் உட்கார்ந்திருக்கும். சவரக் கடையில் சாய்ந்ததுபோல் சாய்ந்துகொண்டு ஓட்டுவீர்கள். அடுத்து நான் ஏறினால் என் கால் பிரேக்கைத் தேடி அலையும். உங்கள் கால் நீளமாக இருப்பதற்கு நானா பொறுப்பு? கோடு போட்டதும் நீங்கள் அத்தனை பேர் முன்னால், "இது காரா, தையல் மெஷினா?" என்றீர்கள். நான் பதிலுக்கு, "ரெண்டு பேருக்கும் சேர்ந்து ஒரு வண்டின்னு சொன்ன என் புத்தியைச் செருப்பாலயே அடிக்கணும்" என்றேன். மறுவாரம் உங்களுக்கு மாற்றல் வந்தது. ஒரு வார்த்தை சொல்லாமல், சாவியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள்.

போகட்டும். கார் கம்பெனி ஷோரூமுக்குப் போனேன். குளிர்சாதனம், மீன் தொட்டி, சிரித்த முகத்தோடு ஒரு பெண். "சாவி தொலைஞ்சிருச்சும்மா" என்றேன்.

"கவலையே படாதீங்க சார். வண்டியை எடுத்துட்டு வாங்க, புதுசு போட்டுத் தந்துடலாம்."

"சாவி இல்லாம எப்படிம்மா எடுத்துட்டு வர்றது?"

"இன்னொரு சாவி குடுத்திருப்பாங்களே சார், அதுல ஓட்டிட்டு வாங்க."

"அது என் சகலைகிட்ட இருக்கு."

"அப்ப வாங்கிக்கங்க சார்."

அந்தப் பெண்ணுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று நினைக்கிறேன். சகலையிடமிருந்து ஒரு பொருளைத் திரும்ப வாங்குவது எப்படிப்பட்ட காரியம் என்று தெரியாமல் பேசுகிறாள். அதற்குமேல் என்னென்னவோ சொன்னாள். இரண்டு சாவியும் இல்லையென்றால் வண்டியின் மூளையையே கழற்றி மாற்ற வேண்டுமாம். என் மூளையை மாற்றினால் செலவு குறையுமா என்று கேட்க நினைத்து, கேட்காமல் வந்துவிட்டேன்.

பிறகு நானே இணையத்தில் ஒரு சாவி வரவழைத்தேன். பெட்டியைப் பிரித்தால் தொலைந்த சாவியின் இரட்டைப் பிள்ளை மாதிரியே இருந்தது. நிறம் அதே, பொத்தான் அதே. வண்டி அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, அது நம் வண்டிக்கு மூன்று வருடம் முந்திய வண்டியின் சாவி. முகம் ஒன்றாக இருந்தாலும் பேசுகிற அலைவரிசை வேறாம். அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது உங்கள் பச்சை வண்டி நினைவுக்கு வந்தது, சொன்னால் என்ன. தலையில் எலக்ட்ரானிக் சில்லு வைத்த சாவி முதன்முதலாக வந்த காலம். நீங்கள் செய்வித்த மாற்றுச் சாவி கதவைத் திறந்தது, வண்டியைக் கிளப்பவில்லை. நீங்கள் என்ன செய்தீர்கள்? பழைய சாவியின் தலையை உடைத்து, சில்லை எடுத்து, ஸ்டியரிங்குக்கு அடியில் டேப் போட்டு ஒட்டிவிட்டீர்கள். அதற்குப் பிறகு எந்தச் சாவியைத் திருகினாலும் கிளம்பியது. எங்கள் வீட்டு பீரோ சாவியை வைத்துக்கூட நான் ஓட்டிப் பார்த்தேனே! வயிறு வலிக்கச் சிரித்தோம். இப்போது சிரிக்கவும் பக்கத்தில் ஆள் இல்லை.

கடைசியில் ஒருவர் கிடைத்தார். இந்தப் பக்கத்தில் அவரைச் சாவி டாக்டர் என்கிறார்கள். ஸ்டெதாஸ்கோப் மாதிரி ஒரு வயரை ஸ்டியரிங்குக்கு அடியில் சொருகி, திரையைப் பார்த்துக்கொண்டே விசாரித்தார். "டாஷ்போர்டுல சாவி படம் ஏதாவது மின்னிச்சா?" என்றார். ஒரு மாதமாக மின்னியது, வண்டி வணக்கம் சொல்கிறது என்று இருந்துவிட்டேன் என்றேன். "சாவியோட பேட்டரி தீரப்போகுதுன்னு சொல்லியிருக்குங்க" என்றார். நான் தலையை ஆட்டினேன். திரையைக் காட்டினார். அதில் இரண்டு சாவி பதிவாகியிருந்தது.

"ஒண்ணு தொலைஞ்சது. இன்னொண்ணு உயிரோட இருக்கா?"

"இருக்கு. ஆனா இங்க இல்ல."

"இந்த வண்டியோட குணம் என்னன்னா, புதுச் சாவி சேக்கும்போது எல்லாச் சாவியும் உள்ளேயே இருக்கணும். எது பக்கத்துல இல்லையோ அதை வண்டி மறந்துடும். அப்புறம் அந்தச் சாவியை வச்சுக்கிட்டு வந்து நின்னாலும் கதவு திறக்காது. அழிச்சிடவா சார்? பத்து நிமிஷ வேலை."

அவர் விரல் பொத்தான்மேல் இருந்தது. என் மனைவி கைத்தடியை ஊன்றிக்கொண்டு பக்கத்தில் நின்றாள். வாரம் இரண்டு முறை ஆஸ்பத்திரிக்கு யார் யார் வண்டியிலோ ஏறி இறங்கி அலுத்துப்போனவள், அழித்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். என் முகத்தைத்தான் பார்த்தாள். அழித்துவிட்டால் என் கோடு ஜெயித்துவிடும். இனிமேல் அந்த சீட்டை யாரும் பின்னால் தள்ள மாட்டார்கள். நானும் வாயைத் திறந்தேன். "இருக்கட்டும், அவர் வரட்டும்" என்றுதான் வந்தது. டாக்டர் வயரைச் சுருட்டினார். என் மனைவி திரும்பி நடந்துவிட்டாள், கண்ணைத் துடைத்தாளா என்று பார்க்கவில்லை.

இதுவரை நீங்கள், வாருங்கள் என்று எழுதிக் கை வலிக்கிறது, இனி நீ என்றே எழுதுகிறேன். உன் மனைவி தினமும் சாயங்காலம் அக்காவிடம் போனில் பேசுகிறாள். என் மனைவி பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, ஏதோ திருட்டுச் சரக்கு விற்கிறவள்போல் குசுகுசுவென்று பேசுகிறாள். நம் இரண்டு பேர் வீம்புக்கு அவர்கள் ஏன் ஒளிய வேண்டும்? எனக்கு அலுத்துவிட்டது, சகலை. கோபமாக இருப்பதற்கும் ஒரு வயது வேண்டும். சாவியைக் கூரியரில் அனுப்பிவிடலாம் என்று யோசிக்காதே. நேரில் இருக்க வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சாவி தானாக நடந்து வராது. வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு அவரை வரச்சொல்லியிருக்கிறேன். தங்கையையும் கூட்டிக்கொண்டு வா. சீட் விஷயத்தை மட்டும் யாரும் எடுக்க வேண்டாம், நானும் எடுக்கவில்லை.

வயதில் இரண்டு வருடம் மூத்தவன் என்ற ஒரே தகுதியில் உனக்கும் தங்கைக்கும் என் ஆசிகள். அக்கா தன் அன்பைத் தனியாக எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
எட்டு மாதமாகத் தனியாக ஓட்டி அலுத்துப்போன
உன் சகலை

பி.கு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் கீழே போய்ச் சும்மா காரில் உட்கார்ந்தேன். கதவுதான் பூட்டுக்காரர் திறந்த நாளிலிருந்து பூட்டாமலே கிடக்கிறதே. நீ அப்படிச் சாய்ந்து உட்கார்வதில் அப்படி என்னதான் சுகம் என்று பார்க்க, பக்கத்தில் யாரும் இல்லாத தைரியத்தில், சீட்டைக் கோட்டிலிருந்து கடைசிவரை பின்னால் தள்ளினேன். தண்டவாளத்து இடுக்கில் சாவி கிடந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமையிலிருந்து அங்கேயேதான் கிடந்திருக்கிறது. பேட்டரி செத்துவிட்டதால், தன் வயிற்றுக்குள்ளேயே இருப்பது வண்டிக்கும் தெரியவில்லை. புது பேட்டரி போட்டால் போதும், நீ வர வேண்டிய அவசியமே இல்லை. கடிதத்தைக் கிழித்துவிடலாம் என்று நினைத்தேன். பிறகு சாவியை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டேன். அக்காவிடமும் சாவி டாக்டரிடமும் மூச்சுவிடாதே. ஞாயிற்றுக்கிழமை உன் சாவியோடு வந்துவிடு. சீட்டை நீ விட்ட இடத்திலேயே விட்டிருக்கிறேன்.