தூக்குப்போசியில் கலந்த மாத்திரை

மருந்து ஆராய்ச்சியில் சேர்ந்தவர்களிலேயே, கையெழுத்துப் போட்ட தாளை வரிக்கு வரி நம்பிய ஒரே ஜீவன் எங்கள் மிளகக்காதான். அந்தத் தாளை எழுதிய டாக்டர்கள்கூட அதை அவ்வளவு நம்பியிருக்க மாட்டார்கள்.

நிஜப் பெயரைச் சொல்லக் கூடாது என்பது என் வேலையின் விதி. மலைக்குக் கீழே ஒரு மருத்துவமனையில், மார்பகப் புற்றுநோய்க்கான மருந்து ஆராய்ச்சியில் சேரும் பெண்களுக்கு எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லி, கூடவே இருந்து கணக்குப் பார்க்கும் வேலை எனக்கு. அக்கா கொல்லிமலையில் வளப்பூர் நாடு என்னும் ஊர்ப்பகுதிக்காரர். மிளகுக் கொடி வைத்திருக்கிறார். அதனால் மிளகக்கா.

முதல் நாள் விவரத்தாளைக் கையில் கொடுத்து, "வீட்டுக்குக் கொண்டுபோய் நிதானமா படிச்சுட்டு வாங்க" என்றேன். அக்காவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஊடு போய்ச் சேரும் வரைக்கும் எதற்குக் காத்திருக்க வேண்டும் என்று பஸ்ஸிலேயே ஒருவரை வாசிக்கச் சொல்லிவிட்டார். மலையடிவாரத்துக் காரவள்ளி தாண்டி வளைவு வளைவாக ஏறும்போது, வாசித்தவருக்குத் தலை சுற்றியது. தாள் அடுத்த சீட்டுக்குப் போனது. அவருக்கும் சுற்றியது. மலை உச்சிக்குப் போவதற்குள் ஐந்து பேர் வாசித்து, பஸ்ஸே ஆராய்ச்சியைக் கரைத்துக் குடித்திருந்தது.

மறுவாரம் வந்து உட்கார்ந்தார். "ஏங்கண்ணு, கண்டக்டரு ஒண்ணு கேக்கச் சொன்னாருங்க. வெறும் மாத்திரை கெடைக்கறவங்களுக்கு வைத்தியமே இல்லையான்னு."

"இல்லக்கா. வழக்கமான வைத்தியம் எல்லாருக்கும் உண்டு. அதுக்கு மேலதான் இந்த மாத்திரைப் பாட்டில். பாதிப் பேருக்குப் புது மருந்து, பாதிப் பேருக்கு அதே மாதிரி இருக்கற வெறும் மாத்திரை. யாருக்கு எதுன்னு கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும். எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது." பிறகுதான் எனக்கு உறைத்தது. "அக்கா, இதெல்லாம் ரகசியமா வெச்சுக்க வேண்டிய விஷயம். பஸ்ல போயா வாசிப்பாங்க?"

"கட்டி வந்தது எனக்கு. இதுல என்ன கண்ணு ரகசியம்?"

அந்த ரகசியமின்மையால்தான் செல்வி (இதுவும் நான் வைத்த பெயர்தான்) பிழைத்தாள். காரவள்ளியில் தோட்டம் வைத்திருப்பவள், அன்று அதே பஸ்ஸில் பின் சீட்டில் இருந்தாள். தனக்கும் ஒரு கட்டி இருக்கிறது என்று மூன்று மாதமாக யாரிடமும் சொல்லாதவள், அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு எங்களிடம் வந்தாள். அவளுக்கும் அதே நோய், பிறகு அதே ஆராய்ச்சி.

கையெழுத்து அன்று அக்கா இன்னொன்று செய்தார். "இப்ப மாட்டேன்னு சொன்னா என் வைத்தியம் நிக்குமா?" என்றார். நிற்காது என்றேன். "அப்பச் சரி, மாட்டேன்" என்று எழுந்து போய்விட்டார். நான் பேனாவும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். அக்கா நேராக ஊசி போடும் பிரிவுக்குப் போய், தன் பேர் பட்டியலில் அப்படியே இருக்கிறதா என்று நர்ஸைக் கேட்டு, இருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். "தாள்ல போட்டது நெசந்தானுங்க. எங்க போடோணும்?"

தாளில் இன்னொரு வரி உண்டு. உடம்பிலோ மருந்திலோ எந்த மாற்றம் என்றாலும் உடனே தெரிவிக்கவும். அய்யோ, அந்த வரி! தும்மினால் போன். அட்டை கடித்தால் போன். பலாப்பழம் தின்று வயிறு உப்பினால் போன், கூடவே பழம் நல்ல ருசி என்ற தகவல். போன் மணி அடித்தாலே என் கணவர், "உங்க அக்காவுக்குக் கொட்டாவி வந்திருக்கும், எடு" என்பார்.

அக்காவுக்கும் செல்விக்கும் மாத்திரைப் பாட்டில் கொடுத்து அனுப்பிய மறுநாள், சனிக்கிழமை காலை எட்டு மணிக்கும் போன் வந்தது.

"கண்ணு, மருந்துல ஒரு சின்ன மாத்தம். சொல்லோணுமில்ல? செல்வி காரவள்ளி வர்ற வரைக்கும் ஒரே அழுகை. தனக்கு வெறும் மாத்திரைதான் விழுந்திருக்கும், தன் ராசி அப்புடிங்கறா. அதனால ரெண்டு பாட்டலையும் என்ற தூக்குப்போசியில கொட்டிக் கலக்கி, ஆளுக்குப் பாதி எடுத்துக்கிட்டோம்."

தூக்குப்போசி என்றால் சோறும் பாலும் கொண்டுபோகும் தூக்குப் பாத்திரம். மலையில் இரண்டு வீட்டார் சேர்ந்து மிளகு பறித்தால், ஒரே குவியலாகக் கொட்டிக் கலந்து சரிபாதி அளந்துகொள்வார்களாம். நல்ல கொடி, நோஞ்சான் கொடி என்று யாருக்கும் மனக்குறை வராது. அந்த நியாயத்தை அக்கா எங்கள் ஆராய்ச்சிக்கும் வழங்கிவிட்டார்.

"முழுங்கிட்டீங்களா?"

"நான் திங்கக்கெழமதான் ஆரம்பிக்கறேன். செல்வி இன்னிக்கே முழுங்கறேங்கறா."

செல்விக்கு அடித்தால் போன் எடுக்கவில்லை. அவள் அதை முழுங்கிவிட்டால் ஆராய்ச்சியை விட்டே போக வேண்டியிருக்கும். நான் சொல்லி விஷயம் புரிந்ததும் அக்கா, தலைகூடச் சீவாமல் அடுத்த பஸ்ஸைப் பிடித்துக் கீழே இறங்கினார். செல்வி வீட்டில் மாத்திரை சாமி படத்துக்கு முன்னால் இருந்தது. ராகு காலம் முடியட்டும் என்று காத்திருந்தாளாம். ராகு காலத்துக்கு நான் நன்றி சொன்னது அன்றைக்கு மட்டும்தான்.

திங்கட்கிழமை இருவரும் தூக்குப்போசியோடு வந்து நின்றார்கள். "ரெண்டையும் கலந்துட்டா, எது வேலை செஞ்சுதுன்னு எப்படிக்கா தெரியும்?" என்றேன்.

அக்கா யோசித்தார். "ஒரு வருசம் புதுக் கொடியும் பழைய கொடியும் வெச்சேன். ரெண்டையும் ஒண்ணாப் பறிச்சுக் கொட்டிப்போட்டு, எது நல்லாக் காச்சுதுன்னு தெரியாம முழிச்சேன். அதேதானா?"

"அதேதான்."

அக்கா செல்வி பக்கம் திரும்பினார். "கலந்தா நமக்கு மனசு ஆறும் சாமி. ஆனா நமக்குப் பொறகு கட்டியோட வர்றவளுக்கு ஒண்ணும் தெரியாமப் போயிருமே."

செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள். நடந்ததை அப்படியே மேலிடத்துக்கு எழுதினேன். 'தூக்குப்போசி என்பது என்ன கருவி?' என்று கேட்டு ஒரு கடிதம் வந்தது. படம் எடுத்து அனுப்பிய பிறகு புதுப் பாட்டில்கள் வந்தன, அவரவர் குலுக்கலில் விழுந்தபடியே.

மாத்திரைக் காலம் முடிந்துவிட்டது. இருவரும் நன்றாக இருக்கிறார்கள். யாருக்கு எது கிடைத்தது என்பது இன்னும் எனக்குத் தெரியாது. போன் மட்டும் நிற்கவில்லை. ஆனால் போன மாதம் இரண்டு வாரம் மணியே அடிக்கவில்லை. மூன்று நாள் பொறுத்தேன், ஐந்து நாள் பொறுத்தேன். பதினைந்தாம் நாள் சோறு இறங்காமல் நானே கூப்பிட்டேன்.

"என்னக்கா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல கண்ணு. அதான் கூப்புடல."

"ஒண்ணும் ஆகலைன்னாலும் கூப்பிட்டுச் சொல்லணும்க்கா."

மறுமுனையில் தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. "அப்புடி ஒண்ணும் இதுல போடலீங்களே?"

"போடலதான்," என்றேன். "நீங்க கூப்பிடுங்க."