மாமிக்கு நாற்பது புள்ளி

பெண் தரப்போகிற வீட்டுக்கு முதன்முதலாகப் போகிறவன் என்ன பேசுவான்? சலாம் சொல்வான். இந்தப் போகம் விளைச்சல் எப்படி என்று கேட்பான். தந்ததைத் தின்றுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருப்பான். நான் போன அன்று பெண்ணின் தாயிடம், "நீங்கள் இன்னும் பத்து வருடம் இருப்பீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் எத்தனை வருடத்தை விட்டுக்கொடுக்கத் தயார்?" என்று கேட்டேன். பதிலை எழுதப் பென்சிலையும் தயாராகப் பிடித்திருந்தேன்.

என் பக்கம் சொல்வதற்கு ஒரேயொரு நியாயம்தான் உண்டு. அது பெண் வீடு என்று எனக்குத் தெரியாது.

எண்பதுகளின் தொடக்கம். பொருளியல் படித்துப் பட்டம் வாங்கிக்கொண்டு நிந்தவூருக்குத் திரும்பி, வேலை தேடுவதையே ஒரு வேலையாகச் செய்துகொண்டிருந்தேன். அப்போது கொழும்பிலிருந்து ஒரு பெண் டாக்டர் ஆய்வு ஒன்றுக்காகக் கல்முனைக்கு வந்தார். நாங்கள் அவரை மெடம் என்போம். வைத்தியத்தால் ஒருவருக்கு எத்தனை வருடம் கூடியது என்று மட்டும் பார்த்தால் போதாது, அந்த வருடங்களை அவர் எப்படி வாழ்கிறார் என்பதையும் அளக்கவேண்டும் என்பது அவருடைய கட்சி. நீண்டகால நோயாளிகளின் வீடுகளுக்குப் போய்க் கேள்வி கேட்டு எழுத ஆள் தேவைப்பட்டது. பட்டதாரியாக இருக்கவேண்டும், சைக்கிள் இருக்கவேண்டும். (பட்டம் என்னுடையது. சைக்கிள் வாப்பாவுடையது.)

படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. மெடத்துக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. "சனத்துக்கு விளங்குற மாதிரித் தமிழ்ல எழுதுங்க" என்று என்னிடம் தந்தார். அந்தச் சனத்தில் ஒருவரையும் கேட்காமல், என் புலமையை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு எழுதினேன். 'அன்றாடக் கருமங்களை ஆற்றும் இயலுமை' என்று ஒரு கேள்வி. 'உளச்சோர்வின் உறைப்பு' என்று இன்னொன்று. எழுதி முடித்து நானே வாசித்து, நானே தலையாட்டினேன்.

அதில் காய்ச்சல் பார்க்கும் கருவி மாதிரி ஒரு படமும் இருந்தது. உச்சியில் நூறு, அடியில் பூச்சியம். நூறு என்றால் பூரண சுகம். பூச்சியம் என்றால் மவுத்து. நோயாளி தன் நிலை எந்த இடத்தில் என்று ஒரு கோடு போடவேண்டும். கடைசிக் கேள்விதான் அந்தப் பத்து வருடக் கேள்வி. இந்த நோயோடு பத்து வருடம் வாழ்வதா, இல்லை அதில் சிலதை விட்டுவிட்டு மிச்சத்தை நோயில்லாமல் வாழ்வதா? ஐந்து வருடத்தை விடத் தயார் என்கிறவருக்கு இப்போதைய வாழ்க்கை பாதிப் பெறுமதிதான் என்று கணக்கு. நான் அந்தக் கணக்கின் அழகில் மயங்கிப்போயிருந்தேன்.

இதற்கிடையில் உம்மா எனக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தா. சாய்ந்தமருதில் நல்ல இடம், கல்வீடு என்று மட்டும் சொன்னா. எங்கள் ஊர்ப்பக்கம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவது. பெண்ணைப் பெற்றவர்கள் தாங்கள் இருந்த வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, பின்வளவில் ஒரு சின்ன வீட்டுக்கு ஒதுங்கிக்கொள்வார்கள். எந்தத் தெரு, யார் மகள் என்று நான் கேட்கவில்லை. (வெட்கம் என்று உம்மா நினைத்தா. அவர்கள் திருப்பி என் உத்தியோகத்தைக் கேட்பார்களே என்ற பயம் எனக்கு.) ஆனால் என் படம் ஒன்று அந்த வீட்டுக்குப் போயிருந்தது. அதையும் உம்மா சொல்லவில்லை.

அன்று காலை என் பட்டியலில் இருந்த பெயர், சாய்ந்தமருதில் முட்டு வருத்தத்தால் பல வருடமாக மூச்சுக்குக் கஷ்டப்படும் ஒரு பெண்மணியுடையது. வேலிக் கடப்பைத் திறந்தவர் அவருடைய கணவர், நெல் வியாபாரி. என்னைக் கண்டதும் ஒரு கணம் திகைத்தார். பிறகு காது வரை சிரித்தார்.

"வாங்க மகன், வாங்க. உம்மா அனுப்பினாங்களா?"

"இல்ல, மெடம் அனுப்பினாங்க."

அவருக்கு அது விளங்கவில்லை. ஆனாலும் நல்ல கதிரையாகப் பார்த்துப் போட்டார். வாழைப்பழம் வந்தது, பிஸ்கட் வந்தது, வட்டிலப்பம் வந்தது. சுகாதார ஆய்வுக்குச் சனம் இவ்வளவு மதிப்புத் தருகிறதே என்று எனக்குப் பெருமையாக இருந்தது. அவருடைய மனைவி அறை வாசலில் தொங்கிய திரைக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தா. ஆளைத் தெரியவில்லை. மூச்சு இழுக்கிற சத்தம் மட்டும் விசில் மாதிரிக் கேட்டது.

"மாமி, உங்கள்ட்டக் கொஞ்சம் விசாரிக்க வேணும்" என்றேன். உம்மா வயதுப் பெண்களை நாங்கள் மாமி என்றுதான் கூப்பிடுவோம். உள்ளே யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

"அன்றாடக் கருமங்களை ஆற்றும் இயலுமை எப்படி?"

"என்ன மகன்?" என்று திரைக்குப் பின்னாலிருந்து கேட்டா. "வீட்டு வேலை செய்ய ஏலுமா எண்டு கேக்கிறன்" என்றேன்.

கணவர் முந்திக்கொண்டார். "வேலையெல்லாம் மகள்தான் மகன். டீச்சர் வேலையும் பாத்துக்கிட்டு சமையலும் செய்றா. அவட கைப்பக்குவத்த இனித்தானே பாக்கப்போறீங்க."

'பிறர் உதவியில் தங்கியுள்ளார்' என்று எழுதினேன்.

நடை, மூச்சு, உறக்கம் பற்றிய கேள்விகளுக்கும் பதில் எழுதிக்கொண்டு, படத்தைக் காட்டி விளக்கம் சொல்லி, பென்சிலோடு திரைக்குள் அனுப்பினேன். திரும்பி வந்தபோது கோடு எண்பதில் இருந்தது.

"இது கூட, மாமி" என்றேன். "உங்களுக்கு நாற்பதுக்கு மேல வராது."

"ஏன் மகன் வராது?"

"நாலடி நடந்தா இளைக்குது எண்டீங்க. படுக்க ஏலாம இருந்துகொண்டே உறங்குற எண்டீங்க. அப்ப எப்படி எண்பது?"

"இண்டைக்கு வீட்டுக்கு நல்ல ஒரு ஆள் வந்திரிக்கி. மனசுக்குச் சந்தோசம். அதுதான் எண்பது."

வந்த ஆள் யார் என்று சுற்றிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. படிவத்தின் ஓரத்தில் 'பதில் நம்பத்தக்கதல்ல' என்று எழுதினேன். அதோடு விட்டேனா? அழிறப்பரை எடுத்து அவ போட்ட கோட்டை அழித்து, நாற்பதில் நானே ஒரு கோடு போட்டேன். இன்றுவரை நினைத்தால் கூசுகிற காரியம் அதுதான்.

பிறகு அந்தக் கடைசிக் கேள்வி.

கேட்டு முடித்ததும் மாமி திருப்பிக் கேட்டா. "நான் குடுத்தா, அந்த வருஷம் ஆருக்குப் போகும் மகன்?"

"ஒருத்தருக்கும் போகாது மாமி."

"அப்ப என்னத்துக்குக் குடுக்கிற?"

"சும்மா ஒரு கணக்குக்குத்தான். மூணு வருஷமா, அஞ்சு வருஷமா எண்டு சொன்னாப் போதும்" என்றேன்.

நெல் வியாபாரி எழுந்து நின்றார். சிரிப்பு முழுவதும் போய்விட்டது. "வீடு எப்ப காலியாகும் எண்டு பாக்கவா வந்த நீ?"

"வீட்டப் பத்தி நான் ஒண்டும் கேக்கல்லியே! இவங்க எத்தினை வருஷத்த விடுவாங்க எண்டுதான்..."

"கலியாணம் பேசி முடியல்ல, அதுக்குள்ள என்ட பொஞ்சாதிக்குக் கெடு வைக்கிறயா? போடா வெளியே!"

கலியாணம் என்ற சொல் காதில் விழுந்த பிறகுதான், நான் தின்ற வட்டிலப்பம் எந்த வகை வட்டிலப்பம் என்று விளங்கியது. படிவத்தை அப்படியே போட்டுவிட்டுச் சைக்கிளில் ஏறினேன்.

இடையிலுள்ள காரைதீவைத் தாண்டி நான் வீடு போய்ச் சேருமுன் கதை போய்ச் சேர்ந்திருந்தது. கலியாணப் புரோக்கர் எங்கள் விறாந்தையில் தலையில் கைவைத்தபடி இருந்தார். உம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டா.

"மாமியாருக்கு மவுத்துக்கு நாள் குறிக்கிற மாப்பிள்ளைய இப்பதான்டா இந்த உலகம் காணுது!"

வாப்பா அதிகம் பேசவில்லை. "நாளைக்குப் போய் மன்னிப்புக் கேளு. சைக்கிள் தர மாட்டன், பஸ்ஸில போ" என்றார்.

மறுநாள் போனேன். நெல் வியாபாரி கடப்பில் நின்றார். சலாத்துக்குப் பதில் சொன்னார், மார்க்கக் கடமைக்காக. வழி விடவில்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். மாமாவும் ஆய்வும் மெடமும் எல்லாம் கலந்து, எனக்கே விளங்காத ஒரு மன்னிப்பு. அப்போது உள்ளேயிருந்து அந்த விசில் மூச்சோடு குரல் வந்தது.

"அந்தப் புள்ளய உள்ளுக்கு வரச் சொல்லுங்க."

படிவம் மேசையில் இருந்தது. சிவப்பு மையால் நிறைந்திருந்தது. அந்த வீட்டு மகள், டீச்சர், முழுவதையும் திருத்தியிருந்தா. 'அன்றாடக் கருமங்கள்' வெட்டப்பட்டு, 'உங்கட வேலைகள உங்களால செய்துகொள்ள ஏலுமா?' என்று இருந்தது. 'உளச்சோர்வின் உறைப்பு' இருந்த இடத்தில், 'மனசுக்குப் பாரமா இரிக்கா?' என்று இருந்தது. 'பதில் நம்பத்தக்கதல்ல' என்பதற்குக் கீழே ஒரு கேள்விக்குறி மட்டும். என் நாற்பது அழிக்கப்பட்டு, எண்பது திரும்ப வந்திருந்தது.

திரைக்கு அந்தப் பக்கமிருந்து அவ பேசினா. இடையிடையே மூச்சுக்காக நின்று நின்று பேசினா.

"மகள் ராத்திரி இதெல்லாம் வாசிச்சுக் கேட்டா மகன். எனக்கு முட்டு வந்து எத்தினையோ வருஷம். டாக்குத்தர்மார் கேட்டிருக்காங்க, சொந்தக்காரர் கேட்டிருக்காங்க. மருந்து குடிச்சயா, நெஞ்சில தைலம் பூசினயா எண்டுதான் கேப்பாங்க. மனசு எப்படி எண்டு கேட்டது உங்கட இந்தக் கடதாசி மட்டும்தான்."

கடப்பிலிருந்து வந்து நின்ற நெல் வியாபாரி நிலத்தைப் பார்த்தார்.

"என்ன சொன்னீங்க மாமி அதுக்கு?"

"அதெல்லாம் எழுதியிரிக்கி. உங்கட மெடத்துக்கிட்டக் குடுங்க. அந்தக் கடைசிக் கேள்விக்கும் எழுதிக்கங்க, ஒரு வருஷமும் குடுக்க மாட்டன். ஆயுசு, ஹயாத்து, அல்லாட கையில. அது ஒண்டு. மத்தது, முட்டோட இரிந்த வருஷமும் என்ட வருஷம்தானே? அதிலதான் இவ படிச்சு டீச்சரானா. அதுல எத நான் குடுக்க?"

நான் 'பூச்சியம்' என்று எழுதினேன்.

மெடத்திடம் கோட்டை அழித்ததை ஒப்புக்கொண்டேன். "கேக்கிறதுதான் உங்கட வேலை, புள்ளி போடுறது அவங்கட வேலை" என்று மட்டும் சொன்னார். பிறகு சிவப்பு மைத் தமிழை யாரிடமோ வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, படிவம் முழுவதையும் அந்தத் தமிழிலேயே திரும்பத் தட்டச்சு அடிக்கச் சொன்னார். அதைக் கொண்டுபோன பிறகு ஒரு வீட்டிலும் என்னைத் துரத்தவில்லை. கடைசிக் கேள்விக்கு மட்டும் அநேகமாக எல்லா வீட்டிலும் அதே பூச்சியம்தான்.

கலியாணம் நடந்தது. எப்படி நடந்தது என்று மனைவியிடம் ஒருமுறை கேட்டேன். "தமிழ் தெரியாத ஆளுக்கு ஆர் பொண் குடுப்பாங்க எண்டு பாவமா இரிந்திச்சு" என்றா. பெருநாளைக்குச் சொந்தங்கள் கூடினால் இன்றும் என்னை அறிமுகப்படுத்துவது, 'மாமிக்குக் கெடு வெச்ச மருமகன்' என்றுதான். என் பிள்ளைகளும் அதைச் சொல்லிச் சிரித்தே வளர்ந்தார்கள்.

ஆனால் அதிகம் மாறியவர் மாமாதான். அந்த வருடத்திலிருந்து, கடையால் வந்ததும் மாமியிடம் மருந்தைப் பற்றிக் கேட்குமுன் வேறொன்று கேட்பார். மென்மையாகக் கேட்கத் தெரியாது. நெல் மூட்டைக்கு விலை கேட்கிற அதே குரலில், நாலு வீட்டுக்குக் கேட்கும்படி, "மனசு எப்படி?" என்பார்.

மாமி மூச்சை இழுத்து நிறுத்தி, "நீங்க சத்தம் போடாம கேட்டா இன்னும் நல்லாயிரிக்கும்" என்பா. அதைக் கேட்டுவிட்டுத்தான் அவர் சட்டையைக் கழற்றுவார்.