விருந்தாளிக்காகப் பெருக்கிய காடு

விருந்தாளி வருகிறார் என்றால் நம்மவர்களுக்குக் கை சும்மா இருக்காது. கட்டிலுக்கடியில் கிடந்தது பரணுக்குப் போகும். பரணில் கிடந்தது கட்டிலுக்கடிக்கு வரும். எனக்குக் கை கொஞ்சம் நீளம். காட்டையே பெருக்கிவிட்டேன்.

வேடசந்தூர்ப் பக்கம் எங்களுக்கு ஒரு மேட்டு நிலம் உண்டு. வெள்ளாமை செய்யச் சோம்பல்பட்டுப் போட்டுவைத்ததில் உசிலையும் சூரைமுள்ளும் மண்டி, அது தானாகவே காடாகிவிட்டது. (சோம்பேறித்தனத்துக்கு ‘இயற்கைப் பாதுகாப்பு’ என்று மரியாதையான பெயர் இருப்பது பிறகுதான் தெரிந்தது.) இப்படிச் சொந்தக் காடு வைத்திருப்பவர்கள் மாதம் ஒருவர் இடத்தில் கூடுவோம். எதை வெட்டாமல் விட்டால் எந்த உயிர் வந்து தங்கும் என்று ஒருவர் காட்டைப் பார்த்து இன்னொருவர் கற்றுக்கொள்ள வேண்டும்.

அந்த மாதம் என் முறை. பக்கத்து நிலத்துக்காரர் பெருமாள் மாமாவையும் அழைத்திருந்தேன். அவர் தன் முள்காட்டை அழித்துத் தென்னை வைக்க ஜேசிபிக்குச் சொல்லியிருந்தார். அது போய்விட்டால் என் காடு மட்டும் தனியாக நிற்கும். இதில் குடியிருந்த கவுதாரிக் குடும்பம் தாங்காது.

“நாளைக்கு மிஷினு வருது. உன் காட்டுல அப்படி என்னதான் இருக்குன்னு காட்டு மாப்ளே. பிடிச்சிருந்தா நிறுத்திப்புடுறேன்” என்றார், கூட்டத்துக்கு முந்தின நாள் காலையில்.

காட்டிவிட வேண்டியதுதான் என்று அன்றைக்கே ஆள் வைத்தேன். சருகு, விழுந்த கட்டை, வழியை மறித்த புதர் எல்லாம் போயின. மரங்களுக்குக் காவியும் வெள்ளையும் பட்டை அடித்தேன். வரிசையாகப் பிளாஸ்டிக் சேர் போட்டேன்.

“ஏங்க, காடு காடு மாதிரியே இல்லையே?” என்றாள் என் மனைவி செல்வி.

“நாலு பேரு வாராக. அசிங்கமா இருக்கலாமா?”

மறுநாள் காலையில் வந்தார்கள். குழுவில் மூத்தவரான சித்தையன்கோட்டை ராஜாமணி அக்கா நுழைந்ததும் செருப்பைக் கழற்றினார்.

“என்னக்கா?”

“கோயிலுக்கு வந்துட்டமோன்னு நெனச்சேன் தம்பி.”

பிறகு சுற்றிப் பார்த்தார். “புதரெல்லாம் எங்கப்பா? கவுதாரி எங்க முட்டை வைக்கும், நீ போட்ட சேர்லயா?”

“செத்த நேரம் இருங்கக்கா, கத்தும் பாருங்க” என்றேன்.

இருந்தார்கள். காபி வந்தது, கவுதாரி வரவில்லை. பெருமாள் மாமா கைப்பேசியில் மணி பார்த்தார்.

அப்போதுதான் கத்தியது. வேலிக்கு அந்தப் பக்கம், மாமாவின் முள்ளுக்குள். ஒன்று கத்த, இன்னொன்று பதில் சொல்ல, மொத்தக் குடும்பமும் அங்கேதான் இருந்தது.

மாமா வேலியோரம் போய் நின்றார்.

“அடேய் மாப்ளே, உன் வீட்ல கோவிச்சுக்கிட்டு என் வீட்டுக்குல்ல வந்துருக்குக!”

அங்கேயே ஜேசிபிக்காரருக்குப் போன் போட்டார்.

“மிஷினு வேணாம்ப்பா. உள்ள ஆளு குடியிருக்கு.”

இப்போது அந்த முள்காட்டில்தான் எங்கள் கூட்டம் கூடுகிறது. எதைச் செய்யக் கூடாது என்று புதியவர்களுக்குக் காட்ட மட்டும் என் பக்கம் அழைத்து வருகிறார்கள். (விளக்கம் தருபவனும் நானேதான்.) மாமாவோ எந்தக் கல்யாண வீட்டில் பார்த்தாலும், பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரி விசாரிப்பார்:

“உங்க வீட்டு ஆளுக எங்க வீட்ல சௌக்கியமா இருக்காக மாப்ளே. எப்ப வந்து கூட்டிட்டுப் போறீக?”