நாலு விரற்கடைக் கம்பளி

உங்களுக்கெல்லாம் வேறு வேலையே இல்லையா? என் மானம் எத்தனை பேர் முன்னால் போனது என்று தெரிந்தால்தான் சோறு இறங்குமோ? சரி, சொல்லித் தொலைக்கிறேன். என் முகத்தைப் பார்த்து மட்டும் சிரிக்காதீர்கள்.

எங்கள் மகளிர் குழுவில் கமலா டீச்சர் என்று ஒருவர். ஓய்வு பெற்றும் பாடம் நடத்துவதை விடாதவர். போன கார்த்திகையில், ராமேஸ்வரம் கடற்கரையில் வீடு வாசலின்றிக் கிடக்கும் பன்னிரண்டு பேருக்கு ஆளுக்கொரு கம்பளிப் போர்வை பின்னித் தரலாம் என்றார். பின்னப் பன்னிரண்டு பெண்கள், அளவாக நூல். ஒருத்தி சொதப்பினால் ஒருவர் வாடைக்காற்றில் விறைக்க வேண்டியதுதான்.

இரண்டு நீள ஊசிகளை நீட்டி, “இப்படிப் பிடிங்கக்கா” என்றார்.

“அட போங்க டீச்சரம்மா! நண்டு வலை பின்னி மூணு பிள்ளைகளக் கரையேத்துன கை இது. எனக்கே சொல்லித் தாறீகளா?”

(மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான். வாய் மட்டும் காலேஜ் வரை போயிருக்கிறது.)

வீட்டுக்கு வந்து வலை ஊசியில் கம்பளி நூலைச் சுற்றினேன். வலையில் இருக்கும் ஓட்டையைக் கண் என்போம். நண்டு வலைக்கு நாலு விரற்கடைக் கண். கை தானாக அதையே போட்டது. எல்லாக் கண்ணும் ஒரே அளவா என்று நூறு முறை பார்த்தேன். போர்வைக்குக் கண்ணே கூடாது என்பது மட்டும் உறைக்கவில்லை. நூல் மிஞ்ச மிஞ்ச நீளமாக்கிக்கொண்டே போனேன். மற்றவர்கள் ஒரு மாதம் திணறியதை ஆறே நாளில் முடித்து, சுருட்டிக் கட்டி, யாருக்கும் காட்டாமல் வைத்துக்கொண்டேன். (பார்த்துக் காப்பியடித்துவிடுவார்களாம்!)

கொடுக்கும் நாள் காலையில் கடற்கரைக்குப் போனோம். பதினோரு பேர் போர்வையை வாங்கிக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டார்கள். பன்னிரண்டாவது ஆள் பாக்கியம், என் வயதுக்காரி. பூட்டிய கடை வாசலில் ஒரு துணி மூட்டையோடு உட்கார்ந்திருந்தாள். நான் கட்டை அவிழ்த்து, கல்யாணப் பட்டு விரிப்பது போல் ஒரு உதறு உதறினேன்.

காற்று அதற்குள் புகுந்து அந்தப் பக்கம் போனது. பாக்கியம் ஒரு ஓட்டை வழியாக என்னைப் பார்த்தாள்.

“ஏத்தா, எனக்குப் போத்த வந்தியா, இல்ல என்னப் புடிக்க வந்தியா?”

குழுவே வயிற்றைப் பிடித்துக்கொண்டது. டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. “நூல் தீந்துபோச்சேக்கா... இவுகளுக்கு என்ன செய்ய?” என்றார். எனக்குக் கடலுக்குள் இறங்கிவிடலாமா என்றிருந்தது.

பாக்கியம் அதற்குள் மூட்டையை அவிழ்த்துவிட்டாள். உள்ளே நைந்த சேலைகள். “வெரச்சுப் போயி நிக்காம, இதக் கிழி” என்றாள். நான் பட்டை பட்டையாகக் கிழித்துக் கொடுத்தேன். அவள் என் வலையை இரண்டாக மடித்துப் போட்டு, ஒவ்வொரு பட்டையையும் ஒரு கண்ணில் நுழைத்து அடுத்த கண்ணில் எடுத்து இறுக்கினாள்.

“எங்கன படிச்ச இத?”

“குளிருகிட்ட.”

அவள் விரல் போன வேகத்துக்கு என்னால் கிழித்துக் கொடுக்க முடியவில்லை. பச்சைக்கு அடுத்து ஊதா, ஊதாவுக்கு அடுத்து மஞ்சள். ஒரு கண் விடாமல் அடைத்தாள். நாற்பது வருடம் வலை பிடித்த நான், கோயிலில் தீபாராதனை பார்ப்பவள் போல வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். சிரித்த பெண்களும் ஒவ்வொருவராக மணலில் உட்கார்ந்தார்கள்.

உச்சி வெயிலில் வேலை முடிந்தது. கட்டை விரல் கனத்தில் கம்பளம் மாதிரி இருந்தது. மண்டையைப் பிளக்கும் அந்த வெயிலிலேயே அதைத் தலையோடு போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் முகத்தை வெளியே நீட்டினாள். நெற்றியெல்லாம் முத்து முத்தாக வியர்வை.

“வேக்குது!” என்றாள். அப்படி ஒரு சிரிப்பு.

அன்றிலிருந்து என் வீட்டில் ஜன்னல் திறந்திருந்தால்கூட மருமகள், “அத்தே, ஒங்க போர்வை தெறந்து கெடக்கு” என்கிறாள். சொல்லிக்கொள்ளட்டும்.

அன்று சாயங்காலம் ஊருக்குத் திரும்பி பஸ்ஸை விட்டு இறங்கியதும் பக்கத்து வீட்டுக்காரிகள் சூழ்ந்துகொண்டார்கள். “என்னக்கா, போர்வை குடுத்தீகளா?”

“குடுத்தோம்டி. பாதி நான் பின்னுனது, பாதி அவ பின்னுனது” என்றேன். “எந்தப் பாதி குளிரத் தாங்கும்னு மட்டும் கேட்டுப்புடாதீக.”