மாமாவின் கறுப்பு அம்பாசிடருக்கு நான் போட்ட பாலிஷ்

என் தாய்மாமாவின் காரை நாசமாக்கியது நான்தான். இருபத்தைந்து வருடமாக அதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை. ஏன் நாசமாக்கினேன் என்பதில்தான் எனக்குத் தெரிந்ததும் சொந்தக்காரர்கள் சொல்வதும் வேறு வேறு. அவர்கள் சொல்லும் காரணம் என்னை வில்லனாக்குகிறது. உண்மையான காரணம் அதைவிடக் கேவலமானது.

தொண்ணூறுகளின் கடைசி. பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்துவிட்டுக் கோவில்பட்டியில் வேலை தேடிக்கொண்டிருந்தேன். (அது வீட்டில் சொன்னது. ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன் என்பதுதான் நடந்தது.) இரண்டு தெரு தள்ளி மாமாவின் வீடும், அதை ஒட்டி அவருடைய தீப்பெட்டி ஆபீசும் இருந்தன. எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். மாமாவுக்கு ஒரே மகள், சந்திரா. எனக்கு முறைப்பெண். "ஒனக்குத்தாம்ல இவ" என்று சொல்லிச் சொல்லியே என்னை வளர்த்திருந்தார்கள். மாமா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது, மருமவனே என்றுதான் கூப்பிடுவார். நான் அதை வாக்குறுதி என்று எடுத்துக்கொண்டேன். அவரைப் பொறுத்தவரை மருமகன் என்றால் சம்பளம் கேட்காத வேலையாள் என்று அர்த்தம்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"மருமவனே, ஞாயித்துக்கிழமை சந்திரா கல்யாண விசயம் பேசப் போறோம். காரு கண்ணாடி மாதிரி இருக்கணும். டிரைவர் சுப்பையா ஒப்புக்குத் தண்ணிய ஊத்தி விட்டுருவான். நீ கூட நின்னு செய்யி."

அவ்வளவுதான் சொன்னார். அம்மா என்னைப் பார்த்தாள், நான் அம்மாவைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் முகமெல்லாம் பல். இரண்டு தெரு தள்ளியிருக்கும் தங்கை வீட்டுக்குப் பேச வர மாமாவுக்குக் கார் எதற்கு என்ற கேள்வி, பட்டம் வாங்கிய என் மூளைக்குத் தோன்றவேயில்லை.

கார் ஒரு கறுப்பு அம்பாசிடர். மதுரையில் பழைய வண்டியாக வாங்கி, முழுக்கக் கறுப்புப் பெயிண்ட் அடித்து, ஊரே பார்க்கும்படி ஆபீஸ் முற்றத்தில் நிறுத்தியிருந்தார். அதற்கென்றே நண்பனிடமிருந்து ஒரு வெளிநாட்டுப் பாலிஷ் பாட்டிலை வாங்கி வந்தேன். அழுக்கை எடுக்கும், கீறலைப் போக்கும், பளபளப்பு ஏற்றும், வெயிலிலிருந்து காப்பாற்றும் என்று அதில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. நாலு வேலையும் ஒரே பாட்டிலில். கீழே பொடி எழுத்திலும் என்னவோ இருந்தது. பொடி எழுத்தைப் படிப்பவன் டீக்கடையில் ஏன் உட்கார்ந்திருக்கப் போகிறான்?

மறுநாள் பதினோரு மணி வெயிலில் ஆரம்பித்தேன். சுப்பையா அண்ணாச்சி வாளியோடு வந்தார்.

"தம்பி, மொதல்ல தண்ணிய விட்டு மண்ணக் கழுவிருவோம். மண்ணோட தேய்ச்சா வரி விழுந்துரும்."

"வேண்டாம் அண்ணாச்சி. இது ஆல்-இன்-ஒன். கழுவுற வேலையும் இதுவே பாத்துரும்."

அவர் பாட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்ப வண்டியயும் அதுவே ஓட்டிரும்னு சொல்லுங்க" என்றார். வாளியை அங்கேயே வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

பானெட்டில் பாலிஷை ஊற்றித் தேய்த்தேன். துணி கறுப்பாக வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: எங்கள் கரிசல் பூமியில் எதைத் துடைத்தாலும் துணி கறுப்பாகத்தான் வரும். சன்னல், பீரோ, சைக்கிள் சீட், ஏன், கோடையில் மூக்கைச் சிந்தினால்கூடக் கறுப்புதான். அதனால் நான் சந்தேகப்படவேயில்லை. இத்தனை வருடத்துக் கரிசல் தூசியைப் பாட்டில் கிளப்புகிறது என்று நினைத்துக்கொண்டு இன்னும் ஊற்றினேன். ஊற்றியது வெயிலில் உடனே காய்ந்து வெள்ளை வெள்ளையாக ஒட்டிக்கொண்டது. அதை எடுக்க இன்னும் அழுத்தித் தேய்த்தேன். ஒரு பழைய வேட்டி முழுக்கக் கறுத்து, இரண்டாவது வேட்டிக்குப் போனேன்.

அப்போது சந்திரா ஒரு தம்ளரில் மோர் கொண்டு வந்தாள்.

"இந்த வேலைய நீங்களா செய்யணும் அத்தான்?"

"நான் செய்யாம வேற யாரு செய்வா?" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

அவள் முகம் என்னவோபோல் ஆகிவிட்டது. காலித் தம்ளரைக்கூட வாங்காமல் உள்ளே போனாள். வெட்கம் என்று நினைத்தேன். என்னை இப்போது நினைத்தால் எனக்கே அறையத் தோன்றுகிறது.

பானெட்டின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்குச் சாம்பல் நிறம் தெரிந்தது. காக்கா எச்சம் போலிருக்கிறது, கெட்டிப்பட்டுக் கிடக்கிறது என்று அங்கே இன்னும் பலமாகத் தேய்த்தேன். எச்சம் தாம்பாளம் அகலத்துக்குப் பெரிதாயிற்று. சாப்பிட்டுவிட்டு வந்த சுப்பையா அண்ணாச்சி அதைப் பார்த்ததும் வாயில் போட்டிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டார்.

"தம்பி, இது அழுக்கு இல்ல. பெயிண்டு. அடியில பூசுன பிரைமரு வரைக்கும் போயிட்டீய. பாலிஷ்ல நைசா அரைச்ச பொடி கெடக்கும், அது பெயிண்ட அறுக்கத்தான் செய்யும். போதாக்கொறைக்கு மண்ண வேற சேத்துத் தேய்ச்சிருக்கீய. கறுப்புக் கார்ல இருந்து கறுப்பு வந்தா என்னன்னு நினைச்சீய?"

"கரிசத் தூசின்னு நினைச்சேன் அண்ணாச்சி."

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

மாமா வந்தார். காரை ஒரு சுற்றுச் சுற்றினார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் மிகவும் மெதுவாகக் கேட்டார்.

"ஒனக்கு யாருலே சொன்னா?"

"என்ன மாமா?"

"விருதுநகர் மாப்பிள்ளை விசயத்த. அவிய நாளைக்கு ரயில்ல வாராவ, ஸ்டேஷன்ல போயி இந்தக் கார்லதான் கூட்டிட்டு வரணும்னு ஒனக்கு எப்படித் தெரியும்? ஒனக்குப் பிடிக்கலன்னா வாயத் தொறந்து சொல்லணும். இப்படியால பழி தீக்குறது?"

எனக்கு விஷயம் தெரிந்தது இப்படித்தான்.

கறுப்புத் துணியும் கையுமாக நின்றேன். இல்லை மாமா, அழுக்கு என்று நினைத்துத்தான் தேய்த்தேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டேன். வாசற்படியில் சந்திரா நின்றுகொண்டிருந்தாள். அவள் எனக்கு இல்லை என்று ஆன நிமிஷத்தில், அவள் முன்னால் மடையனாகவும் நிற்க எனக்குத் தெம்பில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதைப் பார்த்து மாமா எல்லாம் உறுதி என்று முடிவு கட்டினார். அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வேறிடம் பேசியவர் அவர். பழி மட்டும் என் தலையில்.

விருதுநகர்க்காரர்கள் வாடகை வேனில் வந்தார்கள், பெண் பிடித்துப் போயிற்று. கல்யாணத்தில் எனக்கு எந்த வேலையும் தரவில்லை. சாம்பார் வாளியைத் தூக்கப் போனபோதுகூட ஒருவர் ஓடிவந்து பிடுங்கிக்கொண்டார். அன்றைக்கு ஆரம்பித்த கேலி இன்னும் ஓயவில்லை. எந்தக் கல்யாண மண்டபத்துக்குப் போனாலும், "ஏலே, மாப்பிள்ளை காரத் தள்ளி நிப்பாட்டுங்கலே, இவிய வந்துட்டாவ" என்று யாராவது குரல் கொடுப்பார்கள். சந்திராவின் வீட்டுக்காரர்தான் பலமாகச் சிரிப்பார். நல்ல மனுஷன், அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.

போன வருடம் மாமாவின் எண்பதாம் கல்யாணம். வழக்கம்போலக் கதையைச் சொல்லிச் சிரித்து ஓய்ந்திருந்தார்கள். கை கழுவும் இடத்தில் நானும் சந்திராவும் மட்டும்.

"அத்தான், இத்தன வருசமாக் கேக்கணும்னு இருந்தேன். அன்னைக்கு எனக்காகத்தானே அப்படிச் செஞ்சீய?"

நல்ல பதில் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஆனால் ஐம்பதை நெருங்கும் வயதில் எனக்குத் திடீரென்று நேர்மை வந்துவிட்டது.

"இல்ல சந்திரா. சத்தியமா எனக்கு ஒண்ணுமே தெரியாது. அழுக்குன்னு நினைச்சுத்தான் தேய்ச்சேன்."

அவள் சிரித்தாள். பாதியில் நிறுத்திவிட்டாள். "அத நீங்க சொல்லாமயே இருந்திருக்கலாம்" என்றாள். குழாயை மூடிவிட்டுப் போய்விட்டாள்.

அதிலிருந்து யார் கேட்டாலும் வேண்டுமென்றே தேய்த்ததாகத்தான் சொல்கிறேன். வயிற்றெரிச்சல் தாங்கவில்லை, இரண்டு வேட்டி கிழியும் வரைக்கும் தேய்த்தேன் என்று கைகாலை ஆட்டி நடித்தும் காட்டுகிறேன். எல்லாரும் வயிறு குலுங்கச் சிரிக்கிறார்கள். சந்திரா மட்டும் சிரிப்பதில்லை.