காலமான சம்பந்தி தாமதமாக வருவார்

ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் எதைப் பார்த்தாலும் மனிதனுக்குக் கை சும்மா இருப்பதில்லை. 'இன்னும் ஒண்ணே ஒண்ணு சேர்த்துட்டா நல்லா இருக்குமே' என்று தோன்றும். என் தொழிலில் இந்த ஆசைக்குச் சம்பளம் வேறு தருகிறார்கள். மூடிப்போன தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸிலிருந்து விடிகாலை ரயிலில் பெங்களூருக்குப் போய் புரோகிராம் எழுதிவிட்டுத் திரும்பும் ஆசாமி நான்.

சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய வரிசை வீடுகளை இங்கே லைன் என்போம். எங்கள் லைன் குழாயில் தண்ணீர் அதற்குத் தோன்றும்போது வரும். தெருவில் யாராவது கண்டு கத்தினால்தான் உண்டு. அதற்காக நான் ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். தண்ணீர் திறப்பவர் மொபைலில் ஒரு செய்தி அனுப்பினால், சங்கக் கட்டடத்தில் இருந்த பழைய கம்ப்யூட்டர் கூரைமேல் இருக்கும் ஒலிபெருக்கியில் அந்தக் காலச் சுரங்க ஷிப்ட் சங்கு மாதிரி ஊதும். பிறகு சங்கச் செயலாளர் மார்ட்டின் அண்ணனின் பதிவான குரல், "தண்ணீர் வருகிறது, அனைவரும் குடத்துடன் வரவும்" என்று சொல்லும். அவ்வளவுதான். முழு புரோகிராமும் லேப்டாப் திரையில் ஒரே பார்வையில் அடங்கிவிடும். ஒரு நாள்கூடத் தப்பு செய்யவில்லை. (தப்பு செய்ய அதில் இடமே இல்லை என்பது எனக்கு அப்போது புரியவில்லை. என் மூளைதான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.)

லைனில் எல்லோரும் புகழ்ந்தார்கள். வினை அங்கேதான் ஆரம்பித்தது. ரயில் தாமதமானால் சொல்லச் சொன்னார்கள், சேர்த்தேன். பிறந்தநாள் வாழ்த்து கேட்டார்கள், அதையும் சேர்த்தேன். ஆட்டோவில் மைக் கட்டிச் சாவுச் செய்தி சொல்லும் வேலை மிச்சமாகும் என்று மார்ட்டின் அண்ணன் சொல்ல, பின்னணியில் பறையோடு, திரும்பத் திரும்பச் சொல்லும்படி அதுவும் வந்தது. கரண்ட் போய்ப் பாதியில் நின்றால் மறுபடி முதலிலிருந்து சொல்லவும் ஏற்பாடு செய்தேன். ஒவ்வொன்றையும் தனியாகச் சோதித்தபோது ஒழுங்காகவே வேலை செய்தது.

நாலு பேர் இருக்கும் வீட்டுக்கு மருமகள் வந்தால் ஒரு ஆள் கூடியதாகத்தான் நாம் கணக்குப் போடுகிறோம். உண்மையில் கூடியது நாலு உறவு. மாமியாரோடு ஒன்று, நாத்தனாரோடு ஒன்று என்று ஒவ்வொன்றிலும் தனித்தனியாகச் சண்டை வரலாம். புரோகிராமும் அப்படித்தான். புதிதாக வரும் வரி, ஏற்கெனவே இருக்கும் எல்லா வரிகளோடும் குடித்தனம் நடத்த வேண்டும். இதை எந்தப் புத்தகத்திலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் தங்கை செல்வியின் நிச்சயதார்த்தத்தில் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

செல்விக்கு ஏற்கெனவே ஒரு சம்பந்தம் பேசி முறிந்திருந்தது. இந்தக் குடியாத்தம் மாப்பிள்ளையை அவளுக்கு மனதாரப் பிடித்திருந்தது, அவருக்கும் அப்படியே. ஒரே பயம் மாப்பிள்ளையின் அத்தை, அவர் அப்பாவின் அக்கா. பல்லி கத்தினாலும் சகுனம் பார்ப்பவர் என்று கேள்வி. அதனால் எங்கள் பக்கம் எந்தக் குறையும் வரக்கூடாது என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் அதைக் கேட்டுவிட்டு, சம்பந்தி தர்மலிங்கம் வந்து இறங்கும்போது ஒலிபெருக்கியில் வரவேற்பு கொடுப்பது, ரயில் தாமதமானால் அதையும் சேர்த்துச் சொல்வது என்று முடிவு செய்தேன். (யாரும் கேட்கவில்லை.)

ஒவ்வொரு அறிவிப்பும் தொடக்க வரி, பெயர், கடைசி வரி என்று பதிவான துண்டுகளை ஒட்டி வரும். எதற்கு எந்தத் துண்டு என்று தெரிய அறிவிப்புகளுக்கு வரிசை எண் வைத்திருந்தேன். வரவேற்பைக் கடைசியில் சேர்த்திருந்தால் பிழைத்திருப்பேன். கடைசியில் இருந்ததோ சாவு. மங்கலமான விஷயத்தைச் சாவுக்குப் பின்னால் வைப்பதா என்று மனம் கேட்கவில்லை, முன்னால் நுழைத்தேன். சாவு ஓர் இடம் தள்ளிப் போனது. அது தள்ளிப் போன சேதி, தொடக்க வரியை எடுத்துக் கொடுக்கும் பகுதிக்குப் போய்ச் சேரவில்லை. கடைசி வரியை எடுக்கும் பகுதிக்கோ, வரவேற்பு என்று ஒன்று இருப்பதே தெரியாது. தெரியாததற்கெல்லாம் அது முதல் அறிவிப்பின் வரியை எடுத்துக்கொள்ளும். சோதிக்காமல் விட்டேன் என்று சொல்ல முடியாது. தண்ணீர் அறிவிப்பைப் போட்டுப் பார்த்தேன், கச்சிதமாக வந்தது.

ஞாயிறு காலை ரயில் வழக்கம்போல் தாமதம். சாம்பியன் ஸ்டேஷனில் சம்பந்தி குடும்பம் பழத்தட்டுகளோடு இறங்கியது. நான் பணிவாக வணங்கிவிட்டு, பாக்கெட்டுக்குள் இருந்த மொபைலை அழுத்தினேன்.

முதலில் பறை கேட்டது. பிறகு மார்ட்டின் அண்ணனின் கனத்த குரல்: "ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது. நம் செல்வியின் வருங்கால மாமனார், குடியாத்தம் திரு. தர்மலிங்கம் அவர்கள் காலமானார். ரயில் தாமதம் காரணமாக அவர் சற்றுத் தாமதமாக வந்து சேருவார். அனைவரும் குடத்துடன் வரவும்."

சம்பந்தி காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்.

"இன்னா தம்பி, என் பேரு மாதிரி கீதே?"

அவர்களை ஆட்டோவில் ஏற்றச் சொல்லிவிட்டுச் சங்கத்துக்கு ஓடினேன். இதற்குள் அறிவிப்பு மறுபடி ஆரம்பித்துவிட்டது. சுவிட்சை அணைத்தேன். கரண்ட் போனதாக நினைத்துக்கொண்ட கம்ப்யூட்டர், பேட்டரியில் உயிர்பிடித்து முதலிலிருந்து சொன்னது. புரோகிராமைத் திறந்தால் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. எழுதியவன் நான்தான், ஆனால் வேறு யாரோ எழுதியதைப் படிப்பது போல இருந்தது. ஓர் எண்ணை மாற்றினேன். அதனால் இன்னொன்று நகர்ந்துவிட்டது.

"திரு. தர்மலிங்கம் அவர்களுக்கு இனிய பிறந்தநாள் வாழ்த்துகள்," என்றது ஒலிபெருக்கி. "நல்லடக்கம் மாலை நான்கு மணிக்கு நடைபெறும்."

நிச்சயப் பட்டுப்புடவையோடு செல்வி உள்ளே வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. ஒலிபெருக்கியின் ஒயரைப் பிடித்து ஒரே இழுப்பில் பிய்த்தாள். பிறகு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். "முடிஞ்சிபோச்சி அண்ணா" என்று மட்டும் சொன்னாள். எனக்கு அப்போது செத்துப்போகலாம் போல இருந்தது. அறிவிக்கவும் வழியில்லை.

நாங்கள் வீட்டுக்குப் போனபோது பந்தலில் கூட்டம். கடைக்காரர்கள் ஷட்டரை இறக்கிவிட்டு வந்திருந்தார்கள். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார்கள். மார்ட்டின் அண்ணன்கூட மாலையோடு வந்திருந்தார். (தன் குரலே சொன்னதால் அவருக்குச் சந்தேகம் வரவில்லை.) சுரங்கம் ஓடிய காலத்துப் பழக்கம் அது. கீழே விபத்து என்றால் யார், எவர் என்று கேட்கமாட்டார்கள், முதலில் ஓடி வந்து நிற்பார்கள். சுரங்கம் மூடியும் அந்தக் கால் மட்டும் நிற்கவில்லை.

நடுவில் சம்பந்தி தன் சாவுக்கு வந்தவர்களைப் பார்த்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அத்தை எழுந்து, சகுனமே சரியில்லை, கிளம்பலாம் என்றார். செல்வி வாசல் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

சம்பந்தி அசையவில்லை. அங்கே ஒரு பெண்மணியைக் காட்டி, "இந்தம்மா யாரு?" என்று கேட்டார். அடுத்த லைன், எங்களுக்கே அதிகப் பழக்கமில்லை என்றேன்.

"என் மூஞ்சியகூட பாத்ததில்ல. எனக்காக அழுதுட்டு நிக்குது," என்றார் தன் அக்காவிடம். "நம்ம ஊர்ல நான் நெஜமா போனாலும் இத்தினி பேரு வருவாங்களா இன்னான்னு தெரியல. என் வூட்டுக்கு இந்த ஊரு பொண்ணுதான் வரணும். தட்டை மாத்துங்க."

வந்திருந்த மாலைகள் அப்படியே நிச்சயத்துக்கு ஆகிவிட்டன.

அன்று மாலையே எல்லாவற்றையும் பிரித்தேன். இப்போது தண்ணீருக்கு ஒன்று, ரயிலுக்கு ஒன்று என்று தனித்தனிக் குட்டி புரோகிராம்கள். ஒன்றுக்கு இன்னொன்று இருப்பதே தெரியாது. சாவு பழையபடி ஆட்டோவுக்கே போய்விட்டது. அலுவலகத்தில் யாராவது "சின்னதா ஒண்ணு சேர்த்துடலாமே" என்றால் என் காதில் பறை கேட்கும்.

எந்த வருடமும் சம்பந்தியின் பிறந்தநாளுக்கு என்னால் முந்தி வாழ்த்துச் சொல்ல முடிந்ததில்லை. விடிந்ததும் அவரே போன் செய்துவிடுவார்.

"இன்னா தம்பி, இந்த வருசம் அடக்கம் எத்தினி மணிக்கு?"

"நாலு மணிக்குத்தான் மாமா."

"வண்டி லேட்டு. குடத்தோட நில்லுங்க, வந்துடறேன்."